முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை: எக்ஸ்-29 விமானம் நிறுவியதும் இழந்ததும்

வன்னியில் போர்க்காலத்தைக் கண்டவர்கள் போர் விமானங்களை முதலில் காதால்தான் அறிந்தார்கள். கிபிர் வருகிறது என்பது இரைச்சலில் தெரிந்துவிடும். பங்கருக்குள் இறங்குவதற்கு இடையில் அதன் முக்கோண இறக்கையையோ, அதற்கு முன்னால் இருந்த சிறிய இறக்கைச் சோடியையோ நின்று பார்க்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் அந்த நாட்களுக்குப் பின் வளர்ந்தவர்கள். அவர்கள் கைப்பேசித் திரையில் விமானங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். வேகமாகப் பறக்கும் ஜெற் விமானங்களின் இறக்கைகள் ஏறக்குறைய எல்லாமே பின்னோக்கிச் சாய்ந்திருக்க, முன்னோக்கிச் சாய்ந்த இறக்கையை எவரும் ஏன் செய்வதில்லை என்பது அவற்றுள் ஒன்று. நல்ல கேள்வி, ஏனெனில் எக்ஸ்-29 என்ற அமெரிக்கச் சோதனை விமானத்தில் அதைச் செய்தார்கள், அது பறந்தது, சொன்னவற்றுட் பலவற்றைச் செய்தும் காட்டியது. ஆனாலும் அது ஒரு போர் விமானமாக ஆகவேயில்லை. வன்னியில் இருந்துகொண்டு போர் விமானத்தைப் பற்றி எழுதுவது எளிதன்று என்றாலும், காற்றின் நடத்தை பற்றிய அறிவு குண்டு போட்டவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதனால் எழுதுகிறேன்.

இறக்கையைச் சாய்ப்பது எதற்காக என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, இறக்கையின் வளைந்த மேற்புறத்தைக் கடக்கும் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுவதனால், அந்த இடத்தில் மட்டும் ஒலிவேகத்தை முந்திவிடுகிறது. அங்கே அதிர்ச்சி அலை தோன்றி, இழுவை திடீரெனப் பெருகுகிறது. இறக்கையைச் சாய்த்து வைத்தால், எதிர்வரும் காற்றின் வேகத்தில் இறக்கையின் முன்விளிம்புக்குச் செங்குத்தான கூறு மட்டுமே இந்த விளைவைத் தீர்மானிக்கும். 35 பாகை சாய்வில் அக்கூறு மொத்த வேகத்தின் ஏறத்தாழ 82 வீதம் ஆகும். சாய்ந்த இறக்கை அதிவேகப் பறப்புக்கு உதவும் என்ற கருத்தை ஜெர்மனியரான அடோல்ஃப் பூஸ்மான் 1935 இல் ரோம் நகரில் நடந்த மாநாட்டில் முன்வைத்தார். கணக்கைப் பொறுத்தவரை சாய்வு முன்னோக்கி இருந்தாலும் பின்னோக்கி இருந்தாலும் கோசைன் பெறுமானம் ஒன்றுதான்.

வேறுபாடு மற்றக் கூற்றில் இருக்கிறது. விளிம்பின் வழியே ஓடும் அந்தக் கூறு, பின்னோக்கிய இறக்கையில் மேற்பரப்பை ஒட்டிய மந்தமான காற்றை நுனியை நோக்கி ஒதுக்குகிறது. விமானம் மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறக்கையில், அவ்வாறு நுனியில் தடித்துப்போன காற்றுப் படலம் முதலில் பரப்பை விட்டுப் பிரிகிறது. நுனி தன் தூக்குவிசையை இழக்கிறது. விமானத்தை இடவலமாகச் சரிக்கும் கட்டுப்பாட்டுத் தகடுகள் இருப்பதும் அந்த நுனிப்பக்கத்திலேயே. போதாக்குறைக்கு, பின்னோக்கிய இறக்கையின் நுனி புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருப்பதனால், அங்கே தூக்குவிசை குறைந்ததும் மூக்கு இன்னும் மேலே எழும்புகிறது. விமானிக்குக் கட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் அதே கணத்தில் அது கையை விட்டு நழுவுகிறது.

முன்னோக்கிச் சாய்த்தால் மந்தமான காற்று உடலை நோக்கி, இறக்கையின் அடிக்கு ஒதுங்குகிறது. காற்றுப் பிரிவதானால் முதலில் அடியிலேதான் பிரியும். நுனியில் உள்ள தகடுகள் தொடர்ந்து வேலை செய்யும். இறக்கைக்கு முன்னால் ஒரு சிறிய இறக்கைச் சோடியை வைத்தால், அதிலிருந்து வரும் காற்றோட்டம் அடிப்பகுதியையும் ஒழுங்குபடுத்தும்.

இதை முதலில் ஜெற் விமானத்தில் செய்து பார்த்தவர் ஹான்ஸ் வொக்கே என்ற ஜெர்மன் வடிவமைப்பாளர். அவருடைய யுங்கர்ஸ் ஜேயூ-287 குண்டுவீச்சு விமானத்தின் சோதனை வடிவம் 1944 ஓகஸ்டில் பறந்தது. அதன் உடல் வேறொரு குண்டுவீச்சு விமானத்தினுடையது. மூக்குச் சில்லுகள் விழுந்த அமெரிக்க விமானங்களிலிருந்து கழற்றப்பட்டவை. யுத்தம் முடியும்போது அது சோதனை நிலையிலேயே இருந்தது. வொக்கே பின்னர் 1964 இல் பறந்த ஹன்சா ஜெற் என்ற சிறிய பயணிகள் விமானத்திலும் இதே சாய்வைப் பயன்படுத்தினார். அங்கே அவருக்குக் கிடைத்த நன்மை வேறு: இறக்கையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் பயணிகள் அறைக்குப் பின்னால் போய்விட்டதால், அறைக்குள் நிமிர்ந்து நடக்க இடம் கிடைத்தது.

மேலே செல்ல முடியாமல் தடுத்தது இறக்கையின் முறுக்கம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த இறக்கையும் பறக்கும்போது மேல்நோக்கி வளைகிறது. நுனிக்குப் போகப்போக வளைவு கூடுகிறது. பின்னோக்கிய இறக்கையைக் காற்றோட்டத் திசையில் வெட்டிப் பார்ப்பதாகக் கொண்டால், அந்த வெட்டின் முன்விளிம்பு இறக்கையின் அடிக்கு அண்மையிலும், பின்விளிம்பு நுனிக்கு அண்மையிலும் அமையும். எனவே வளையும்போது பின்விளிம்பே கூடுதலாக உயரும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும். தூக்குவிசை குறைந்து வளைவும் தணியும். இறக்கை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. முன்னோக்கிய இறக்கையில் எல்லாம் தலைகீழாகும். முன்விளிம்பு கூடுதலாக உயர்கிறது, கோணம் கூடுகிறது, தூக்குவிசை கூடுகிறது, அதனால் மேலும் வளைகிறது. குறைந்த வேகத்தில் உலோகத்தின் விறைப்பு இதை ஓரிடத்தில் நிறுத்திவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலோ அந்த விறைப்பு போதாது. இறக்கை முறுகி உடைந்துவிடும். அந்த வேகத்தை உயர்த்த உலோகத்தைத் தடிப்பாக்கினால், சாய்வினால் பெற்ற நன்மை முழுவதையும் எடை தின்றுவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடயம் இங்கேயே நின்றது.

அதை நகர்த்தியது காபன் நார். உலோகத் தகடு எல்லாத் திசைகளிலும் ஒரே விறைப்பு உடையது. காபன் நாரைப் பிசினில் தோய்த்து அடுக்கிய தகடு அப்படிப்பட்டதன்று. கூரைக்குப் பனஞ்சிலாகை போட்டவர்களுக்கு இது புதிதாக இராது: வைரம் ஓடும் திசையில் அது பாரத்தைத் தாங்கும், குறுக்கே அதே பலத்தை எதிர்பார்க்க முடியாது. நார் அடுக்குகளை இறக்கையின் நீளத்துக்கு நேராக வைக்காமல் ஒரு சிறிய கோணத்தில் திருப்பி வைத்தால், இறக்கை மேல்நோக்கி வளையும்போதே முன்விளிம்பு கீழ்நோக்கித் திரும்பும்படி செய்யலாம். சாய்வு உண்டாக்கும் முறுக்கத்தை நார் உண்டாக்கும் எதிர்முறுக்கம் இவ்வாறு ஈடுசெய்கிறது. அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த நோரிஸ் குரோன் 1970 களில் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைக் காட்டினார். இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் கவர்ந்தது இதுவே: மேலதிக எடை சேர்க்காமல், நார் செல்லும் திசையை மாற்றியே ஒரு பழைய தடை நீக்கப்பட்டது.

எக்ஸ்-29 இதைச் சோதிக்கவே கட்டப்பட்டது. குரும்மன் நிறுவனம் இரண்டு விமானங்களைச் செய்தது. செலவைக் குறைப்பதற்காக எப்-5 போர் விமானத்தின் முன்னுடலும் எப்-16 போர் விமானத்தின் சில்லுத் தொகுதியும் பயன்பட்டன. இறக்கை 33 பாகைக்குச் சற்று மேலாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. முதல் விமானம் 1984 டிசம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் பறந்தது. ஓர் ஆண்டின் பின், 1985 டிசம்பரில், மட்டப் பறப்பில் ஒலிவேகத்தைக் கடந்த முதலாவது முன்சாய்வு இறக்கை விமானமாயிற்று.

அதனிடம் இன்னொரு துணிச்சலும் இருந்தது. அது வேண்டுமென்றே உறுதியில்லாச் சமநிலையில் அமைக்கப்பட்டிருந்தது. ரெஜிபோம் துண்டில் ஒரு சிறு கிளைடரை வெட்டி, மூக்கில் கடதாசிக் கிளிப் ஒன்றைச் செருகி எறிந்தால் அது சீராக மிதந்து இறங்கும். கிளிப்பை எடுத்துவிட்டு எறிந்தால் மூக்கைத் தூக்கிக் குப்புற விழும். பாரம் பின்னுக்குப் போனதும், சிறிய சாய்வும் தானே பெருகத் தொடங்குகிறது. எக்ஸ்-29 இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதுவரை பறந்த விமானங்கள் எவற்றையும்விட மோசமாக. இதில் நன்மை என்னவென்றால், வழக்கமான விமானத்தில் மூக்கைச் சமப்படுத்த வால் கீழ்நோக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. இதிலோ முன்னிறக்கையும் பேரிறக்கையும் இரண்டுமே மேல்நோக்கித் தூக்கின. எந்த மனித விமானியாலும் அதைக் கையால் சமாளித்திருக்க முடியாது. மூன்று கணினிகள் செக்கனுக்கு 40 தடவை கட்டுப்பாட்டுத் தகடுகளைத் திருத்திக்கொண்டே இருந்தன; ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தது.

பலன்கள் நல்லவை. இறக்கை முறுகவில்லை. இரண்டாவது விமானம் 1989 முதல் மூக்கை மிக உயர்த்திப் பறக்கும் சோதனைகளைச் செய்து, காற்றோட்டத்துக்கு 45 பாகை கோணம் வரை நன்கு கட்டுப்பட்டது. ஒரு கட்டத்தில் 67 பாகையையும் தொட்டது. ஆனால் இழுவை எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் அதே சோதனைகள் காட்டின.

அது ஏன் போர் விமானமாகவில்லை என்பதற்கு இந்த ஏமாற்றத்தை மட்டும் காரணமாகச் சொல்வோர் உண்டு. அது முழுக் காரணம் என்று நான் கருதவில்லை. எக்ஸ்-29 ஐப் பறக்கவைத்த கணினிக் கட்டுப்பாடு, பின்னோக்கிய இறக்கையுள்ள விமானங்களுக்கும் அதே அளவு உதவியது. எந்த நன்மைக்காக முன்சாய்வு தேவைப்பட்டதோ, அதன் பெரும்பகுதியை எப்-16 போன்றவை வழக்கமான வடிவத்திலேயே பெற்றுக்கொண்டன. பின்னர் எஞ்சினின் உந்துதலையே திசைதிருப்பும் முறை வந்தபோது, இறக்கை தூக்குவிசையை இழந்த நிலையிலும் விமானத்தைத் திருப்ப முடிந்தது. 1980 களின் இறுதியில் ராடாருக்குப் புலப்படாமை என்பது வடிவமைப்பின் முதல் நிபந்தனையாகி, இறக்கையின் வடிவத்தை முடிவு செய்யும் உரிமையை எடுத்துக்கொண்டது. தீர்க்க வேண்டிய சிக்கலை எக்ஸ்-29 தீர்த்த வேளையில், அந்தச் சிக்கலுக்கு வேறு வழிகளும் திறந்துவிட்டன. ரஷ்யாவிலும் இதுவே நிகழ்ந்தது: 1997 செப்டம்பரில் பறந்த சுகோய் சு-47 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது, அதற்குப் பின் வந்த சு-57 பின்னோக்கிய இறக்கைக்குத் திரும்பிவிட்டது.

நாரின் திசையால் முறுக்கத்தை ஆளும் உத்தி மட்டும் அந்த வடிவத்தோடு நின்றுவிடவில்லை. மன்னார் தீவின் தென்கரையில் 2020 இல் திறக்கப்பட்ட காற்றாலைகள் முப்பதையும் பார்த்தவர்களுக்கு அவற்றின் தகடுகளின் நீளம் நினைவிருக்கும். இக்காலக் காற்றாலைத் தகடுகள் நாரும் பிசினும் சேர்ந்த அடுக்குகளால் ஆனவை. உலகில் புதிதாக வரும் நீண்ட தகடுகள் சிலவற்றில், திடீர்க் காற்று அடித்துத் தகடு வளையும்போது அது தானாகவே சற்று முறுகிக் காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் குறைத்துக்கொள்ளும்படி நார்கள் அடுக்கப்படுகின்றன. அதனால் தகட்டின் அடியிலும் கோபுரத்திலும் விழும் சுமை குறைகிறது. அதே எடையில் இன்னும் நீளமான தகட்டைச் செய்ய முடிகிறது.