பி.ஆர்.டி.எஸ்: தமிழில் தனிவழிப் பேருந்து

காட்பாடியில் ஏறி பாகாயம் போகிற டவுன் பஸ்ஸில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். பாலாற்றுப் பாலம் தாண்டி கிரீன் சர்க்கிளை நெருங்கினால் வண்டி நகராது. முன்னால் கார், இடுக்கில் பைக், உள்ளே சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மா கம்பியைப் பிடித்து நிற்பார். பி.ஆர்.டி.எஸ்., அதாவது 'பஸ் ரேப்பிட் டிரான்சிட் சிஸ்டம்', இந்த அம்மாவுக்கான ஏற்பாடுதான்: பஸ்ஸுக்கு மட்டும் தனித் தடம், நிறுத்தத்திலேயே டிக்கெட், படி ஏற வேண்டாதபடி பஸ் தளத்தின் உயரத்துக்கே மேடை. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-லேயே பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டுவிட்டது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம். முதலில் 'பஸ்'. லத்தீனில் 'ஆம்னிபுஸ்' என்றால் 'எல்லாருக்கும்'. 1820-களில் பிரான்சின் நான்ட் நகரில் யாரும் காசு கொடுத்து ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு அந்தப் பேர் வந்தது. அப்புறம் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் மிஞ்சினால் எப்படி, அப்படி வெறும் வேற்றுமை உருபுதான் 'பஸ்'! நம் 'பேருந்து' முழுச் சொல். பெருமையும் உந்தும் சேர்ந்தது, பெரிய உந்துவண்டி.

'டிரான்சிட்' கடந்து போவதை மட்டும் சொல்கிறது. 'போக்குவரத்து' போவதையும் திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்கிறது, ஆக அங்கே நமக்குக் குறையில்லை.

சிக்கல் 'ரேப்பிட்'டில். 'விரைவுப் பேருந்துப் போக்குவரத்து' என்று எழுதுகிறார்கள். இலக்கணப்படி சரி, ஆனால் வேலூரில் அதைப் படிக்கிறவருக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் வெளியூர் வண்டிதானே ஞாபகம் வரும்? வேகம் இதன் விளைவு, தனியாகக் கிடைக்கிற வழிதான் இதன் உயிர். தில்லியில் 2008-ல் வந்த பஸ் தடத்தை 2016-ல் பிரித்தே எடுத்தார்கள். தடம் போனதும் அங்கே பஸ்கள் பழையபடி மற்ற வண்டிகளோடு கலந்துவிட்டன. அகமதாபாத்தில் 2009-ல் ஓடத் தொடங்கியதற்கு 'ஜன்மார்க்' என்று பேர் வைத்தார்கள், மக்கள் வழி. அவர்கள் பேரிலேயே வழி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

அதனால் நான் 'தனிவழிப் பேருந்து' என்றே எழுதுகிறேன். மொத்த ஏற்பாட்டையும் சொல்ல வேண்டுமானால் 'தனிவழிப் பேருந்துப் போக்குவரத்து'. கண்டக்டர் வாயில் அது 'தனிவழி பஸ்' என்று சுருங்கினாலும் பொருள் கெடாது, வழி அதில் இருக்கும்.