ட்ராமா – உளக்காயம்

தொலைக்காட்சித் தொடரில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பாத்திரம் அடுத்த சில காட்சிகளிலேயே இயல்பாகப் பேசி நடமாடினால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். 'ட்ராமாவைக் கதைத் திருப்பத்துக்காக வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள்' என்பது ஒரு பக்கம். 'எத்தனை நாள்தான் அழுதுகொண்டே இருப்பாள்?' என்பது மறுபக்கம்.

ட்ராமா என்றால் கிரேக்கத்தில் காயம். நெடுங்காலம் அது உடற்காயம் மட்டுமே. ரயில் விபத்தில் தப்பியவர்களின் பாதிப்பை ஆராய்ந்த 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் வழியாக மனத்துக்கும் வந்தது. 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் இருவரும் வல்லுறவுக்குப் பிந்தைய பாதிப்பை விவரித்தார்கள். சிலர் அழுகை, நடுக்கம், கோபம் என்று வெளிக்காட்டினார்கள். சிலர் மிக அமைதியாக இருந்தார்கள். ஆக, அழாத பாத்திரத்தை 'நம்பும்படி இல்லை' என்று தள்ளுவது தவறு. அந்த அமைதிக்குள் என்ன நடக்கிறது என்று தொடர் காட்டாமல் விடுவதுதான் குறை.

அமெரிக்காவின் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' தொடரில் 1979இல் லூக் என்ற பாத்திரம் லாரா என்ற பெண்ணை வல்லுறவு செய்தான். 1981இல் அவர்களுக்கே திருமணம். சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். வன்முறையைக் காதல் கதையாக மாற்றிய அந்தத் தொடர், 1998இல்தான் அதை வன்முறை என்றே எடுத்துப் பேசியது. லாராவின் காயம் அதுவரை கதையில் பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டே கிடந்தது. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ட்ராமா' என்றே எழுதினால் நாடகத்தைக் குறிக்கும் 'டிராமா'வோடு குழம்பும். வலியில் இருப்பவரை நடிப்பதாகச் சொல்வது போலாகிவிடும். 'மன அதிர்ச்சி' அந்த நேரத்து உலுக்கலைத்தான் சொல்கிறது, பின்னால் வரும் கெட்ட கனவுகளையும் தூக்கமின்மையையும் அல்ல. 'மனவடு' அழகான சொல்தான். ஆனால் தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்கிறது குறள். ஆறவே ஆறாது என்ற தீர்ப்பை முன்கூட்டியே எழுத வேண்டாம். உளக்காயம் பொருத்தமானது: மூலப் பொருளும் அதுவே, ஆறவும் இடம் இருக்கிறது.

அதிலிருந்து வெளிவருவதை 'மீள்தல்' எனலாம். 'மறத்தல்' வேண்டாம், மறக்காமலே மீள்பவர்கள் உண்டு. அப்புறம், 'கற்பழிப்பு' என்ற சொல்லையும் விட்டுவிடுவோம். அது பாதிக்கப்பட்டவர் எதையோ இழந்துவிட்டதாகச் சொல்கிறது; வல்லுறவு என்பது குற்றம் செய்தவனின் செயலைச் சொல்கிறது.