டாக்மாட்டிசம்: வறட்டுவாதமா, பிடிவாதமா, கருத்திறுக்கமா?

அரசியல் வாக்குவாதம் சூடு பிடித்தால் 'நீ ஒரு டாக்மாட்டிக்' என்று எதிராளியைச் சொல்லி முடித்துவிடுவது எளிது. சொன்னவரைக் கேட்டால் 'பிடிவாதக்காரன்' என்பார், 'முட்டாள்' என்பார், 'தீவிரவாதி' என்றுகூடச் சொல்வார். மூன்றும் வெவ்வேறு. டாக்மாட்டிசம் இவற்றில் எதுவும் இல்லை. கொண்ட கருத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, மாற்றுச் சான்று வந்தாலும் இளகாத மனப்போக்கு அது.

வேர் கிரேக்கச் சொல். 'தோன்றுதல்', 'சரியெனப் படுதல்' என்று பொருள்படும் 'டொக்கெய்ன்' என்ற வினையிலிருந்து 'டாக்மா' பிறந்தது. ஒருவருக்குச் சரியெனப் பட்டது எதுவோ அது டாக்மா. ஆக, வெறும் கருத்து. ஏதென்ஸ் நகரத் தீர்மானங்கள் 'மன்றத்துக்கும் மக்களுக்கும் சரியெனப் பட்டது' என்றே தொடங்கும். அப்படிப் பட்டதை எல்லாரும் ஏற்றாக வேண்டும் என்றானபோது கருத்து ஆணையாகிவிட்டது. லூக்கா நற்செய்தியில் 'அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது' என்று பழைய தமிழ் விவிலியம் சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் டாக்மாதான்.

அப்புறம் திருச்சபை இதை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கருக்கு டாக்மா என்பது மறுக்கக் கூடாத விசுவாசக் கோட்பாடு. மரியாளின் விண்ணேற்பை அப்படி அறிவித்தது 1950ல். அங்கே இது வசைச் சொல் இல்லை. வசையாக்கியதில் மெய்யியலாருக்குப் பெரிய பங்கு உண்டு. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற பழைய ஐயவாதிகள், உறுதியாகப் பேசிய மற்ற எல்லாரையும் 'டாக்மாட்டிக்' என்றார்கள். ஐயவாதியான ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூமை நினைத்ததுதான் தன் 'டாக்மாட்டிக் உறக்கத்தை' கலைத்தது என்று ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1783ல் எழுதினார்.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு பழைய வழக்கு உண்டு. நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்களை அடுக்கும்போது கடைசியாக 'பிறிதொடு படாஅன் தன்மதங் கொளல்' என்கிறது. பிறர் கொள்கைக்கு உடன்படாமல் தன் கொள்கையையே கொள்ளுதல். மதம் என்றால் இங்கே சமயம் இல்லை, கருத்து. பவணந்தியார் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஏழில் ஒன்றாக இயல்பாக வைக்கிறார். ஒருபக்கப் பார்வையை 'ஏகாந்தவாதம்' என்று கண்டித்த சமண மரபிலிருந்து வந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சுவையாக இருக்கிறது.

இன்றைய அரசியல் தமிழில் டாக்மாட்டிசம் 'வறட்டுவாதம்' என்று வந்து சேர்ந்தது இடதுசாரிகள் வழியாக. 1960களில் சோவியத்துக்கும் சீனத்துக்கும் பூசல் முற்றியபோது, சீனர்கள் சோவியத்தைத் திருத்தல்வாதம், அதாவது மார்க்சிய மூலக் கொள்கையைத் திரிப்பது, என்றார்கள். பதிலுக்கு சோவியத் தரப்பு சீனத்தை வறட்டுவாதம் என்றது. நல்ல சொல்தான். வறடு என்றால் ஈனாத மாடு. வறட்டு இருமலில் சளி வராது, வறட்டுக் கௌரவத்தால் காசு வராது, வறட்டுவாதத்தில் புதிதாக ஒரு சிந்தனையும் பிறக்காது. ஆனால் யாரும் தன்னைத் தானே வறட்டுவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை. அது எப்போதும் அடுத்தவர் மேல் எறிகிற சொல். அளந்து பார்க்கும் உளவியலுக்கு அது உதவாது.

உளவியலில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் மில்டன் ரோக்கீச். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1950ல் ஜெர்மன் சிந்தனையாளர் அடோர்னோவும் கூட்டாளிகளும் பாசிசத்துக்கு வசப்படும் ஆளுமையை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டிருந்தார்கள். அது வலதுசாரி அதிகார மோகத்தை மட்டுமே பிடிக்கிறது என்பது ரோக்கீச்சின் குறை. இடதுசாரியும் இறுகிப்போகலாம், பக்தரும் இறுகலாம், நாத்திகரும் இறுகலாம். என்ன நம்புகிறார் என்பதை விட்டுவிட்டு, எப்படி நம்புகிறார் என்பதை அளக்க வேண்டும் என்றார். 1960ல் வெளியான அவருடைய நூலில் உள்ள அளவுகோலில் 40 வாக்கியங்கள். உலகில் உள்ள தத்துவங்களில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். அரசியல் எதிரிகளோடு சமரசம் செய்தால் நம் தரப்புக்கே துரோகமாக முடியும். இப்படிப் போகும். எந்தக் கட்சிக்காரரும் ஆமாம் போடக்கூடிய வாக்கியங்கள். குறையும் இதிலேயே இருந்தது: 40 வாக்கியங்களுமே ஆமாம் என்றால் மதிப்பெண் ஏறும்படி அமைந்தவை. எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவரும் இறுகிய மனத்தவராகத் தெரிவார்.

அளவுகோலைவிட எனக்குப் பிடித்தது அவருடைய பூச்சிப் புதிர். ஜோ டூடுல்பக் என்று ஒரு கற்பனைப் பூச்சி. அதற்குத் தாண்ட மட்டுமே தெரியும். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு தவிர வேறு பக்கம் போகாது. ஒரு திசையில் தொடங்கினால் நான்கு முறை தாண்டி முடித்த பிறகே திசை மாற்றலாம். ஒரு தாண்டலில் எவ்வளவு தூரமும் போகலாம். உடம்பைத் திருப்பவே முடியாது. தாண்டிக்கொண்டிருந்த ஜோ நிற்கிறது, முகம் வடக்கே. மேற்கே 3 அடி தள்ளி, தன்னைவிடப் பெரிய உணவு. 'நான்கு முறை தாண்டினால்தான் கிடைக்கும்' என்று ஜோ முடிவு செய்கிறது. ஏன்?

ஜோ ஏற்கெனவே கிழக்கு நோக்கி ஒரு முறை தாண்டியிருக்கிறது. இன்னும் மூன்று கிழக்கே, பிறகு ஒன்று மேற்கே. நேராக உணவின் மேலேயே போய் இறங்கிவிடும். விடைக்கு வர மூன்று பழக்கங்களை உதற வேண்டும்: உணவைப் பார்த்து நின்றால்தான் சாப்பிட முடியும், முகம் இருக்கும் பக்கம்தான் போக முடியும், கணக்கு இப்போதுதான் தொடங்குகிறது. இறுகிய மனத்தவர்களும் இந்த நம்பிக்கைகளைத் தனித்தனியாக உடைப்பதில் பின்தங்கவில்லை என்றார் ரோக்கீச். உடைத்ததை ஒன்றுசேர்த்துப் புது உலகமாகக் கட்டுவதில்தான் திணறினார்களாம். அறிவுத்திறன் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

புத்திசாலித்தனம் இந்த இறுக்கத்துக்கு மருந்தாகும் என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்க ஆய்வாளர் டான் கஹானும் உடனிருந்தவர்களும் 2013ல் ஒரே எண்களை அமெரிக்கர்களிடம் இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். தோல் களிம்பு பற்றிய கணக்கு என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் நன்றாகச் செய்தார்கள். அதே எண்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றானதும் கெட்டிக்காரர்களிடையேதான் கட்சிப் பிளவு பெரிதாகத் தெரிந்தது. தன் தரப்புக்கு ஒத்துவராத விடையைக் குடைந்து பார்க்கிற திறமை அவர்களுக்கு அதிகம், அவ்வளவுதான்.

இறுக்கம் வலதுசாரிகளிடம் கூடுதலா, இரு ஓரங்களிலும் கூடுதலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வலதுசாரிகளிடம்தான் கூடுதல் என்பவர் உளவியலாளர் ஜான் ஜோஸ்ட். இரு ஓரங்களிலும் என்பதற்குச் சான்று தந்த உளவியலாளர் லியோர் ஸ்மிக்ராட், சீட்டு வகைப்படுத்தும் சோதனை வைத்துப் பார்த்தவர். சொல்லாமல் விதியை மாற்றினால் எவ்வளவு சீக்கிரம் மாறிக்கொள்கிறார்கள் என்பதே சோதனை. குடியரசுக் கட்சியோ ஜனநாயகக் கட்சியோ, கட்சிப் பற்று மிகுந்தவர்கள் தடுமாறியதாக அவர் குழு கண்டது.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? 'பிடிவாதம்' பொருந்தாது, அது செயலில் விட்டுக்கொடுக்காதது, மிட்டாய் கேட்கும் குழந்தைக்கும் உண்டு. 'மூடநம்பிக்கை' நம்பப்படும் பொருளைக் குறை சொல்கிறது. 'மன இறுக்கம்' என்று எழுதினால் ஆட்டிசம் என்று படிப்பார்கள். இறையியலுக்கு விசுவாசக் கோட்பாடு இருக்கட்டும், கட்சிச் சண்டைக்கு வறட்டுவாதம் இருக்கட்டும். உளவியலில் எழுதும்போது நான் 'கருத்திறுக்கம்' என்பேன். ரோக்கீச்சின் அளவுகோல் கருத்திறுக்க அளவுகோல், ஆள் கருத்திறுகியவர்; இறுகியது இளகும் என்பதால் 'கருத்திளக்கம்' என்று எதிர்ச்சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது.