அந்தச் சிரப்பை நிறுத்தாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். சிரோசிஸ் நோயாளி, அதாவது ஈரல் தழும்பேறிப் போனவர். இரண்டு நாளாகப் பகலெல்லாம் தூக்கம், இரவு முழுக்க விழிப்பு. காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டே இருந்தாராம். கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். மணிக்கட்டு விட்டு விட்டுத் தொய்ந்து விழுந்தது. லாக்டுலோஸ் சிரப் கொடுக்கிறீர்களா என்று மகளிடம் கேட்டேன். "தினமும் மலம் நன்றாகப் போகிறதே டாக்டர், நாலு நாளைக்கு முன்னால் நிறுத்திவிட்டோம்" என்றார்.

நன்றாகப் போனதே அந்தச் சிரப்பால்தானே அம்மா!

மலச்சிக்கலுக்கும் இதே சிரப்பைத் தருகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஈரல் நோயாளிக்கு இதை எழுதுவது மூளையைக் காப்பாற்ற. குடல் கிருமிகள் புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருவதால் அம்மோனியாவும் நேராக அங்கேதான் வந்து சேரும். நல்ல ஈரல் அதை யூரியாவாக்கி அனுப்பிவிடும். தழும்பேறிய ஈரலால் முடியாது. போதாக்குறைக்கு, ரத்தமும் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடுகிறது. மிஞ்சிய அம்மோனியா மூளைக்கு ஏறுவதால்தான் இந்தத் தூக்கமும் தடுமாற்றமும் மயக்கமும்.

லாக்டுலோஸ் செரிக்காமல் பெருங்குடல் வரை வந்து அங்கே அமிலமாகிறது. அந்த அமிலத்தில் சிக்கிய அம்மோனியா ரத்தத்தில் ஏற முடியாமல் மலத்தோடு வெளியேறுகிறது. அதனால்தான் தினமும் 2, 3 தடவை இளக்கமாகப் போக வேண்டும் என்கிறோம். அதைப் பேதி என்று நினைத்து நிறுத்தாதீர்கள். மலச்சிக்கல் இல்லையே என்றும் நிறுத்தாதீர்கள். ஐந்தாறு தடவை தண்ணீராகப் போனால், சரி, டாக்டரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள். உடம்பில் நீர் வற்றினாலும் இதே மயக்கம் வரும்.

(அம்மோனியா அளவு எவ்வளவு என்று ஆய்வக அறிக்கையைக் காட்டிக் கேட்பவர்களுக்கு: அந்த எண்ணைவிட நோயாளியின் பேச்சையும் கையையும்தான் நான் நம்புவேன்.)

அப்புறம், அம்மோனியாவுக்குப் பயந்து புரதத்தையே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஈரல் கைவிட்ட வேலையில் ஒரு பங்கைத் தசைதான் செய்கிறது. பட்டினி போட்டால் தசை கரையும், மயக்கம் இன்னும் சீக்கிரம் வரும். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை ஒரு நாளைக்குப் புரதம் வேண்டும். படுக்கப் போகும் முன் கொஞ்சம் சாப்பிட வையுங்கள்.

தூங்கவில்லையே என்று தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. மலம் தார் போலக் கறுத்தால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். குடலில் தேங்கும் ரத்தமும் அம்மோனியாவைக் கூட்டும். வயிற்றில் நீர் கோத்தவருக்குக் காய்ச்சல் வந்தால், குடல் கிருமி அந்த நீருக்குள் இறங்கியிருக்கலாம். இரண்டுக்குமே காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று மட்டும் செய்யுங்கள். தினமும் காலையில் ஒரு தாளில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நேற்றைய எழுத்துக்கும் இன்றைய எழுத்துக்கும் ஒட்டவில்லை என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.