கல்லைக் காட்டிப் பிழைக்க முடியுமா?

பாறைகளையும் புதைபடிவங்களையும் (கல்லில் பதிந்துபோன பழைய உயிர்களின் எச்சங்கள்) காட்டும் நிலவியல் மரபுப் பூங்காக்களில், அதாவது ஜியோபார்க்குகளில், பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் இருக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கப் பலகை இருக்கும். அதே ஊரில் பிறந்து வளர்ந்த இருபது வயதுக்காரருக்கு? பெரும்பாலும் ஒரு டீ-ஷர்ட், ஒரு குப்பைப் பை, வருஷத்துக்கு ஒரு துப்புரவு நாள். அப்புறம் ஒரு குழுப் புகைப்படம். ஆண்டறிக்கையில் அதற்குப் பெயர் 'இளைஞர் பங்கேற்பு'.

இந்த மாதிரிப் பூங்காக்களில் உள்ளூர் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பயிற்சிக்கு வருகிறவர்கள் பாறைக்கு எத்தனை வயது என்று முதலில் கேட்பதில்லை. "இதை வெச்சுப் பிழைக்க முடியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சொல்லப்போனால், ஜியோபார்க் என்ற ஏற்பாடே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். 2000-இல் பிரான்சின் ஓட் புரோவான்ஸ், கிரேக்கத்தின் லெஸ்வோஸ் கல்மரக் காடு, ஜெர்மனியின் வல்கன் ஐஃபல், ஸ்பெயினின் மயஸ்திரஸ்கோ ஆகிய நான்கு பகுதிகள் சேர்ந்து ஐரோப்பிய ஜியோபார்க் கூட்டமைப்பைத் தொடங்கின. நான்கிலும் அருமையான பாறைகள் இருந்தன; வேலை இல்லாமல் ஊரைவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள். 2015-இல் யுனெஸ்கோ இதைத் தன் அதிகாரப்பூர்வத் திட்டமாக ஏற்றது. 2025 ஏப்ரல் கணக்குப்படி 50 நாடுகளில் 229 ஜியோபார்க்குகள். வேலி போட்டு ஆட்களை வெளியேற்றும் இடங்கள் அல்ல இவை; ஊர், வயல், சாலை எல்லாம் எல்லைக்குள்ளேயே இருக்கும். இளைஞர்கள் போய்விட்டால் மிஞ்சுவது பாறையும் பலகையும்தான்.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்: முடியும், ஆனால் இதை மட்டுமே நம்ப முடியாது. வழிகாட்டி வேலை பருவத்தைப் பொறுத்தது. அதோடு புதைபடிவ அச்சு வார்ப்பது, தங்கும் அறை நடத்துவது, காணொளி எடுப்பது என்று இன்னொன்றும் சேர வேண்டும். ஆளுக்கொரு நிரந்தர வேலை என்று ஆசை காட்டிக் கூட்டம் சேர்க்கும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை கூப்பிட்டால் யாரும் வருவதில்லை.

பயிற்சியை வகுப்பறையில் தொடங்குவது எனக்குப் பிடிக்காது. 'கிரெட்டேசியஸ்', 'படிவுப்பாறை' என்று மனப்பாடம் செய்தவர்கள் சுற்றுலாப் பயணிகளிடமும் அதையே ஒப்பிப்பார்கள். அலைத்தடம் பதிந்த மணற்கல் முன்னால் உட்காரவைத்து, தடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். மேட்டின் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால், முன்னும் பின்னும் அசைந்த அலை போட்ட தடம். ஒரு பக்கம் நீளமாக ஏறி மறுபக்கம் சட்டென்று இறங்கினால், ஒரே திசையில் ஓடிய நீரோட்டம். செங்குத்தான பக்கம்தான் தண்ணீர் போன திசை. இதைக் கண்டுபிடித்ததும், "அப்போ தண்ணி இந்தப் பக்கமா போயிருக்கு!" என்று ஒருவர் எழுந்து நின்று கை காட்டுவார். அதுவரை ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தடவிப் பார்க்க வருவார்கள். நாளைக்கு இதே கேள்வியை அவர்கள் பயணிகளிடம் கேட்பார்கள். கல்வெட்டு மாதிரிப் பலகை எழுதிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். (சுண்ணாம்புக்கல்லில் வினிகர் சொட்டி நுரை காட்டுவதும் நல்ல வித்தைதான். உதிர்ந்து கிடக்கும் துண்டில் செய்யுங்கள், பாதுகாக்கப்பட்ட முகப்பில் வேண்டாம்.)

சிக்கலான விஷயம், புதைபடிவ விற்பனை. எந்தத் திருப்பத்தில் எது கிடைக்கும் என்று நிபுணர்களைவிடக் கல் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் யுனெஸ்கோ விதிப்படி, பூங்காவை நடத்தும் அமைப்பு புதைபடிவம், கனிமம் எதையும் விற்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் கையிலிருக்கும் ஒரே சரக்கையும் தடுத்துவிட்டு, பாதுகாப்புப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? அந்தத் தெரிதலுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பிரேசிலின் அராரிப்பேயைப் பாருங்கள். 2006-இல் அமெரிக்கக் கண்டங்களின் முதல் ஜியோபார்க் ஆனது. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் 11 கோடி ஆண்டுக்கு முந்தைய மீனும் பூச்சியும் செதில் செதிலாகப் பதிந்திருக்கும். 1942 முதலே அந்நாட்டில் புதைபடிவம் அரசுச் சொத்து. இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. 2020-இல் உபிராஜாரா என்ற டைனோசரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தபோது, புதைபடிவம் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹ அருங்காட்சியகத்தில் இருந்தது. பிரேசில் ஆய்வாளர்கள் சமூக ஊடகத்தில் கிளப்பிய இயக்கம் பெரிதாகி, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜூனில் அந்தப் புதைபடிவம் அராரிப்பேயிலேயே, சான்டானா டோ காரிரி அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. அதே வட்டாரத்தில் நோவா ஒலிண்டாவில் 1992 முதல் நடக்கும் காசா கிராண்டே அமைப்பில், அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுவதும் வானொலி நடத்துவதும் பிள்ளைகளும் இளைஞர்களும்தான். பொறுப்பைக் கையில் கொடுத்தால் எடுத்துச் செய்கிறார்கள்.

பொறுப்பு என்றால் நிர்வாகக் குழுவில் வாக்கும், செலவழிக்கக் கொஞ்சம் பணமும். 'சிறப்பு அழைப்பாளர்' நாற்காலி எதற்கும் உதவாது. கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டு இளைஞர்கள் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வதும் அப்படித்தான். இருட்டிய பிறகு வைத்தால் இளம்பெண்கள் எப்படித் திரும்பிப் போவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். நிர்வாகத்துக்கு இது கருணையில்லை, தேவை: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை யுனெஸ்கோவின் மறுமதிப்பீடு உண்டு. உள்ளூர் மக்களின் பங்கு உட்பட, குறை தெரிந்தால் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை. இரண்டு ஆண்டில் சரிசெய்யாவிட்டால் தகுதியே போய்விடலாம்.

உடனே தொடங்கக்கூடிய வேலை என்றால், படம் எடுப்பதைச் சொல்வேன். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், பெருமழைக்குப் பிறகெல்லாம் பாறை முகப்பை போனில் எடுக்க வேண்டும். சில பருவம் போனால், விரிசல் எங்கே அகலமாகிறது, எந்த அடுக்கு சரிகிறது என்று படமே காட்டிவிடும். புதைபடிவம் தெரியும் இடம் என்றால் இருப்பிடக் குறியீட்டை அணைத்துவிட வேண்டும். அந்தப் படம் சமூக ஊடகத்துக்குப் போகக் கூடாது. தலைக்கவசம், காப்பீடு, படத்துக்கான கூலி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தொங்கும் பாறைக்குக் கீழே யாரையும் தன்னார்வம் என்ற பெயரில் அனுப்பாதீர்கள்.

அக்டோபர் 6, யுனெஸ்கோ அறிவித்த பன்னாட்டு நிலவியல் பன்மைய நாள்; பாறை, மண், நிலவடிவம் இவற்றின் வகைவகையான தன்மையைக் கொண்டாடும் நாள். அதற்கு இளைஞர்களை அன்றைக்குக் காலையில் கூப்பிடாமல் ஜூலையிலேயே கூப்பிடுங்கள். என்ன நடத்துவது, யாரை அழைப்பது, பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பேச்சாளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாமல் போகலாம், போகட்டும்.