பதினைந்து பேருக்கு எத்தனை படம்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஓகஸ்ட் லீவுக்கு அண்ணா குடும்பம் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, பதினைந்து பேராக ஸ்ரூடியோவுக்குப் போனோம். அங்கே ஒரே சனம். மூன்று படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றிலும் யாரோ ஒருவருடைய கண் மூடியிருக்கிறது. அம்மா அபசகுனம் என்று கவலைப்படுகிறா. ஏன் இப்படி?"

பிளாஷைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்ரூடியோ பிளாஷ் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு செக்கனில் அடித்து ஓய்ந்துவிடும். அதற்குக் கூசி இமை அசையத் தொடங்கச் சுமார் இருபதில் ஒரு செக்கன் ஆகும். அதற்குள் படம் விழுந்து முடிந்துவிடும்.

இது பெருக்கல் கணக்கு. படத்துக்கு நிற்பவர் நிமிடத்துக்குச் சுமார் 10 தடவை இமைக்கிறார், ஒவ்வொரு தடவையும் கால் செக்கன். அப்படியென்றால் 60 செக்கனில் 2.5 செக்கன் கண் மூடியிருக்கிறது. ஒருவரின் கண் திறந்திருக்கும் வாய்ப்பு 96 வீதத்துக்குக் கிட்ட. அதைப் பதினைந்து பேருக்கும் பெருக்கினால் 53 வீதம்தான் மிஞ்சும். பூவா தலையா போடுவது மாதிரித்தான். மூன்று படமும் பிழைப்பது பத்துக் குடும்பத்தில் ஒன்றுக்கு நடக்கும். அன்று அப்படி முப்பது குடும்பம் வந்திருந்தால், மூன்று வீட்டு அம்மாமார் கவலைப்பட்டிருப்பார்கள்.

சரி, ஏன் இமைக்கிறோம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணின் மேல் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தப் படலத்தில், கண்ணை ஒட்டி வழுவழுப்பான சளி, அதோடு கலந்து நீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். எண்ணெய் இமையோரச் சுரப்பிகளிலிருந்து வருகிறது, நீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. ஒவ்வொரு இமைப்பிலும் இமை இதைப் புதிதாகப் பூசிவிடுகிறது. அப்புறம் நீர் மெல்ல மெல்ல ஆவியாகும். ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டுபோகும். வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலவே கண்ணின் மேற்பரப்பும் குளிர்கிறது, மிகமிகச் சிறிதளவு. கருவிழியின் நரம்பு நுனிகளுக்கு அந்தச் சிறிதளவே போதும். மூளைக்குச் செய்தி போகிறது, இமை விழுகிறது. கண் காய்வதைக் கண் குளிர்ச்சியாக அறிகிறது! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

ஆகவே சோளகக் காற்றும் புழுதியும் அடிக்கிற ஆவணியில் இமைப்பு கூடும். முகத்துக்கு நேரே சுழலும் ஃபானும் அப்படித்தான். ஃபானைத் திருப்பிவிடுங்கள். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறந்தவுடன் எடுங்கள். எல்லோர் கண்ணிலும் புதுப் படலம் இருப்பதால் சில செக்கன் கிடைக்கும்.

எத்தனை படம் எடுப்பது? ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரச அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கணக்குப் போட்டார்கள்: இருபது பேருக்குக் குறைவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் தொகையை மூன்றால் வகுக்க வேண்டும், மங்கலில் இரண்டால். பதினைந்து பேருக்கு ஐந்து படம். அத்தனையும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றில் இரண்டு, மூன்றுதான். இதற்கு 2006 இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

2009 இல் ஆல்பங்களை விட்டுவிட்டு உயிரை மட்டும் கொண்டுவந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். அந்த வீடுகளில் ஒரு குடும்பப் படம் எவ்வளவு பெரிது! அதில் சகுனம் பார்த்து ஒரு தாய் மனம் நோவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அண்ணா திரும்பிப் போக முன்னர் இன்னொரு முறை போய் எடுங்கள்.

சின்னக் கேள்விகளுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கும் ஒரு மாணவிக்கு ஒரு கமராவும் ஒரு வருடச் செலவும் கொடுத்தால், நம் சனம் சோளகத்தில் எத்தனை தடவை இமைக்கிறது, மாரியில் எத்தனை தடவை என்று எண்ணிவிடுவாள். ஆவணியில் மூன்றால் வகுப்பதா, இரண்டரையால் வகுப்பதா என்று ஸ்ரூடியோக்காரருக்கும் தெரிந்துவிடும்.