பூட்டை மாத்த ஓனருக்கு உரிமை இல்ல: வாடகை வீட்டுல இருக்கற நம்மாளுங்க தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்

முக்கியமானத மொதல்லயே சொல்லிடறேன். நீங்க ரெண்டு மாசம் வாடகை பாக்கி வச்சிருந்தாலும் சரி, அக்ரிமெண்ட் தேதி முடிஞ்சு போயிருந்தாலும் சரி, வீட்டு ஓனர் அவரா வந்து பூட்டை மாத்தி உங்க சாமான தூக்கி அஞ்சடியில போட மலேசியா சட்டத்துல இடம் கிடையாது. 1950-ஆம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 7-ஆவது பிரிவு, உட்பிரிவு 2. வாடகை காலம் முடிஞ்ச பிறகும் ஒருத்தர் உள்ள குடியிருந்தா, அவர வெளியாக்கணும்னா கோர்ட்டு மூலமாத்தான் போகணும், வேற எப்படியும் கூடாதுன்னு அதுல இருக்கு. "என் வீடு, நான் பூட்டுவேன்"னு ஓனர் சொல்லலாம், ஆனா உள்ள நீங்க குடியிருக்கற வரைக்கும் அந்தப் பேச்சு கோர்ட்டுல நிக்காது. அதே சட்டத்துல 8-ஆவது பிரிவு, சட்டப்படி இல்லாம வெளிய தள்ளப்பட்டவங்க கேஸ் போட்டு வீட்டைத் திரும்பக் கேக்கலாம்னு சொல்லுது.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா கெடாவுல பாடாங் செராய், லூனாஸ், கூலிம் சுத்து வட்டாரத்துல இப்போ வாடகைக்கு இருக்கற நம்ம குடும்பங்கள்ல பாதிக்கு மேல தோட்டத்துலேர்ந்து வந்தவங்கதான்னு தோணுது. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, வீடு வேலையோட வந்துச்சு, வாடகைன்னு ஒண்ணு யோசிக்கவே வேண்டியதில்ல, கூரை ஒழுகுனா ஆபீஸ்ல போய் கிராணிகிட்ட, அதான் தோட்டத்து கிளார்க்குகிட்ட, சொன்னா போதும். அப்புறம் தோட்டத்த வித்தாங்க, செம்பனைக்கு வெளிநாட்டு ஆளு வந்தாங்க, பிள்ளைங்க 1996-ல திறந்த கூலிம் ஹைடெக் பார்க் ஃபேக்டரிகளுக்கு ஷிப்டு வேலைக்கு போனாங்க, குடும்பம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வாடகைக்கு வந்துச்சு. ஆனா பழக்கம் மட்டும் அப்படியே நின்னு போச்சு. பேப்பர் இல்லாம, ரசீது இல்லாம, ஓனர் அண்ணன் நல்லவர்தாங்கற நம்பிக்கையில காசு கையில குடுக்கறது. அந்த அண்ணன் நல்லவராவே இருக்கட்டும், அவர் செத்துப் போயி மகன் வந்து வீட்ட விக்கணும்னு நின்னா அப்போ உங்க கையில என்ன இருக்கும்?

நம்ம நாட்டுல வீட்டு வாடகைக்குன்னு தனியா ஒரு சட்டம் இன்னும் கிடையாது. கொண்டு வரணும்னு 2018-லேர்ந்து 2025 வரைக்குமான தேசிய வீடமைப்புக் கொள்கையிலயே போட்டாங்க, வீடமைப்பு அமைச்சு பல தடவ பேசிட்டாங்க, ஆனா அது இன்னும் பேச்சாத்தான் இருக்கு. அதுவரைக்கும் வாடகை விஷயம் நாலஞ்சு பழைய சட்டத்துல சிதறிக் கிடக்கு: 1950 ஒப்பந்தச் சட்டம், வாடகை பாக்கிக்கு பொருள பறிமுதல் பண்றதப் பத்தின 1951 டிஸ்ட்ரெஸ் சட்டம், 1956 சிவில் சட்டம், நில விஷயத்துக்கு தேசிய நிலச் சட்டம். வாடகைய இவ்ளோக்கு மேல ஏத்தக் கூடாதுங்கற கட்டுப்பாடும் இப்போ இல்ல. முந்தி ஒண்ணு இருந்துச்சு, 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆனா அது 1948-க்கு முந்தி கட்டுன பழைய கட்டடங்களுக்கு மட்டும்தான், அதையும் 1997-ல ரத்து பண்ணி 1999 கடைசியோட முடிச்சு வச்சிட்டாங்க. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல பழைய கடைவீடுங்கள்ல குறைஞ்ச வாடகைக்கு இருந்த எத்தனையோ குடும்பம் அதோட இடம் மாறுச்சு. அதனால இப்போ அக்ரிமெண்ட் காலம் முடிஞ்சதும் ஓனர் அறநூறு வெள்ளிய (ரிங்கிட்) எண்ணூறாக்கறேன்னு சொன்னா தடுக்க சட்டம் இல்ல. காலத்துக்குள்ள ஏத்த முடியாது, அக்ரிமெண்ட்ல அதுக்கு எடம் குடுக்காம இருந்தா. ஆக, எல்லாமே அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குங்கறதுல வந்து நிக்குது.

வாயால பேசுன வாடகை செல்லாதுன்னு சில பேரு சொல்றாங்க, அது தப்பு. மூணு வருஷத்துக்கு உட்பட்ட வாடகைய நில ஆபீஸ்ல பதிய வேண்டியதில்ல, வாய் வார்த்தையில குடுத்தாலும் அது வாடகைதான். பிரச்சனை செல்லுமா செல்லாதாங்கறதுல இல்ல, நிரூபிக்கறதுலதான். நீங்க டெபாசிட் ஆயிரத்தி இருநூறு குடுத்தேன்னு சொல்வீங்க, அவரு அறநூறுதான் வாங்குனேன்னு சொல்வாரு, கோர்ட்டு யார நம்பும்?

சரி, அக்ரிமெண்ட் போட்டாச்சுன்னு வச்சுக்குவோம். அதோட முடியல, முத்திரை வரி கட்டணும், நம்மாளுங்க ஸ்டாம்பிங்னு சொல்றது. இத நிறைய பேரு விட்டுடறாங்க. முத்திரை இல்லாத அக்ரிமெண்ட்ட கோர்ட்டு ஆதாரமா எடுத்துக்காது, முத்திரைச் சட்டம் 52-ஆவது பிரிவு. கையெழுத்து போட்ட 30 நாளுக்குள்ள வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் ஆன்லைன்லயே செஞ்சுடலாம், வக்கீல் வேணும்னு அவசியமில்ல.

கணக்கு இப்படித்தான். ஒரு வருஷத்துக்கு உட்பட்ட அக்ரிமெண்ட்டுக்கு வருஷ வாடகையில ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. ஒரு வருஷத்துக்கு மேல மூணு வருஷம் வரைக்கும்னா ஒவ்வொரு 250-க்கும் மூணு வெள்ளி. மாசம் 600 வெள்ளி வீடுன்னா வருஷத்துக்கு 7,200, அத 250-ஆல வகுத்தா 28.8, மேல ஏத்தி 29. ஒரு வருஷ அக்ரிமெண்ட்டுக்கு 29 வெள்ளி, ரெண்டு வருஷத்துக்கு போட்டா 87 வெள்ளி, இன்னொரு காப்பிக்கு முத்திரை போட 10 வெள்ளி. முந்தி வருஷ வாடகையில மொத 2,400 வெள்ளிக்கு வரி இல்லாம இருந்துச்சு, 2025 ஜனவரி 1-லேர்ந்து அந்தச் சலுகைய எடுத்துட்டாங்க, அதனால பழைய கணக்க பாத்துட்டு ஆன்லைன்ல ஏன் கூட வருதுன்னு கொழம்பாதீங்க. லேட்டா போனா அபராதம் இருக்கு, மூணு மாசத்துக்குள்ள லேட்டுன்னா 50 வெள்ளி இல்லாட்டி குறைஞ்ச வரித் தொகையில 10 சதவீதம், எது கூடவோ அது. மூணு மாசம் தாண்டினா 100 வெள்ளி இல்லாட்டி 20 சதவீதம். 2026-லேர்ந்து வாடகை அக்ரிமெண்ட்டுக்கு வரிய நாமளே கணக்கு பண்ணி அறிவிக்கற முறை வந்துடுச்சு, அதனால தொகைய சரியா போடறது நம்ம பொறுப்பு.

சில ஓனருங்க முத்திரை வேணாம்னு சொல்வாங்க. காரணம் வரிதான், வாடகை வருமானத்துக்கு வருமான வரி கட்டணும், முத்திரை போட்டா ஹசிலுக்கு (அதே எல்எச்டிஎன்) தெரிஞ்சுடும்னு ஒரு பயம். அது அவரோட கவலை. நீங்க 29 வெள்ளி கட்டி உங்க காப்பிக்கு முத்திரை போட்டு வச்சுக்குங்க. குடியிருக்கற வீட்டு வாடகைக்கு சேவை வரி கட்டணும்னு ஒரு பேச்சு சுத்துது, அது கடை, ஆபீஸ் மாதிரி வியாபார எடத்துக்குத்தான், குடியிருக்கற வீட்டுக்கு இல்ல.

டெபாசிட் விஷயம். ரெண்டு மாசம் டெபாசிட், ஒரு மாசம் அட்வான்ஸ், கரண்டு தண்ணிக்கு அரை மாசம், இது வழக்கம், சட்டத்துல இப்படி எங்கயும் இல்ல. எத்தன நாளுல திருப்பிக் குடுக்கணும்னும் சட்டம் சொல்லல, அதனாலதான் அக்ரிமெண்ட்ல நாள் போட்டு எழுதணும், 14 நாளோ 30 நாளோ. எதுக்கெல்லாம் பிடிச்சுக்கலாம்னும் எழுதணும். சுவத்துல பெயிண்ட் மங்குறது, பைப் வாஷர் தேயறதுக்கெல்லாம் டெபாசிட்டுல கை வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துக்குங்க, பெரும்பாலான ஓனருங்க ஒத்துக்குவாங்க. உள்ள போற அன்னிக்கே ஒவ்வொரு ரூமயும், பாத்ரூம் டைல்ஸ், கரண்டு மீட்டர், தண்ணி மீட்டர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்சாப்ல அனுப்பிடுங்க, தேதியோட பதிவாகி நிக்கும். வாடகைய கையில குடுக்காம பேங்குல போடுங்க, கையிலதான் வாங்குவேன்னா ரசீது கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க. டிஎன்பி கரண்டு பில்லும் சாடா தண்ணி பில்லும் யார் பேர்ல இருக்குன்னு பாத்துக்குங்க, பழைய ஆளு வச்சிட்டு போன பாக்கி உங்க தலையில வந்து விழக் கூடாது.

ஓனர் பக்கமும் சட்டம் இருக்கு, அதயும் மறைக்காம சொல்லணும். வாடகை பாக்கி இருந்தா டிஸ்ட்ரெஸ் சட்டப்படி அவர் கோர்ட்டுல வாரண்ட் வாங்கி, 12 மாசம் வரைக்குமான பாக்கிக்கு வீட்டுல இருக்கற பொருள பெய்லிஃப் மூலமா பறிமுதல் பண்ணலாம். அவரே கதவத் திறந்து டிவிய தூக்கிட்டு போறது இல்ல இது, கோர்ட்டு ஆள்தான் வரணும், குடும்பத்துக்கு அவசியமான துணிமணி, படுக்கையெல்லாம் எடுக்க முடியாது. இன்னொண்ணு இதவிட ஆபத்து: அக்ரிமெண்ட் முடிஞ்சு, ஓனர் கெளம்பச் சொல்லியும் நீங்க கெளம்பாம இருந்தா, அந்த நாளுக்கெல்லாம் ரெண்டு மடங்கு வாடகை கேக்க அவருக்கு உரிமை இருக்கு, 1956 சிவில் சட்டம் 28-ஆவது பிரிவு. பூட்ட முடியாதுங்கற தைரியத்துல சும்மா ஒக்காந்துட்டா கடைசியில கேஸ்ல அந்தத் தொகை வந்து நிக்கும். பூட்டக் கூடாதுங்கறது உங்களுக்குக் கிடைக்கற அவகாசம், அந்த அவகாசத்துல ஓனர்கிட்ட பேசி தவணை கேக்கவோ, வேற வீடு பாக்கவோ செய்யணும்.

பூட்டே மாத்திட்டாங்கன்னா போலீஸ்ல ரிப்போர்ட் போடுங்க. இது சிவில் விஷயம், எங்களால ஒண்ணும் முடியாதுன்னு சொல்லலாம், பரவால்ல, எந்த நாள் எத்தன மணிக்கு என்ன நடந்துச்சுன்னு ரிப்போர்ட்ல பதிவாகணும், அதுதான் பிறகு வேணும். பூட்டு, வெளிய கெடக்கற சாமான் எல்லாத்தையும் போட்டோ எடுங்க, கைகலப்புக்கு மட்டும் போயிடாதீங்க. வருமானம் கம்மின்னா சட்ட உதவி இலாகா, ஜபாத்தான் பந்துவான் குவாமான், அங்க போய் கேளுங்க.

வீட்ட வித்துட்டா? இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. மூணு வருஷத்துக்கு உட்பட்ட, பதியாத வாடகை புதுசா வாங்குறவர கட்டுப்படுத்தணும்னா, நில ஆபீஸ்ல அந்த கிரான்ட்ல (நிலப் பட்டாவுல) ஒரு குறிப்பு ஏத்தியிருக்கணும். ஏத்தலைன்னா வாங்குனவர் உங்க அக்ரிமெண்ட்ட மதிக்க வேண்டிய கட்டாயமில்ல. எல்லாரும் போய் ஏத்த மாட்டாங்க, நடைமுறையில கஷ்டம்தான், ஆனா குறைஞ்சபட்சம் வீட்ட வித்தா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும், டெபாசிட்ட முழுசா குடுக்கணும்னு அக்ரிமெண்ட்ல போட்டுக்கலாம்.

மனச ரொம்ப சுடுற விஷயம் ஒண்ணு. இந்தியர்களுக்கு வீடு குடுக்க மாட்டோம்னு வெளிப்படையா விளம்பரத்துலயே போடறாங்க. அரசியலமைப்புச் சட்டம் 8-ஆவது பிரிவு சமத்துவம் பேசுது, ஆனா அது அரசாங்கத்தத்தான் கட்டுப்படுத்தும், தனிப்பட்ட ஓனர இல்ல. அதனால இப்போ இதத் தடுக்க நேரடிச் சட்டம் ஒண்ணும் கையில இல்ல. ஃபேக்டரியில ஒழுங்கா சம்பளம் வாங்குற பிள்ளைங்க, ஒரு நாள் லேட்டில்லாம வாடகை கட்டறவங்க, பேரக் கேட்டதும் போன வச்சுடறாங்க. புது வாடகைச் சட்டத்துல இதுக்கு ஒரு பிரிவு வேணும்னு நம்ம ஆளுங்க சத்தமா கேக்கணும், தொகுதி எம்பி யாரா இருந்தாலும் அவர்கிட்ட எழுத்துல குடுங்க.

இன்னும் தோட்டத்துலயே வீடு இருக்கறவங்களுக்கு வேற சட்டம். 1990-ஆம் வருஷத்து தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், சட்டம் 446, 2019-ல திருத்தி 2020 ஜூன் 1-லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. வீடு எப்படி இருக்கணும், தண்ணி கரண்டு எப்படி இருக்கணுங்கறது நிர்வாகத்தோட பொறுப்பு, தங்கும் இடத்துக்கு தொழிலாளர் இலாகா சான்றிதழ் வாங்கணும், மீறுனா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம் வரலாம். லயத்துல கூரை ஒழுகுது, டேங்க் சுத்தம் பண்ணலன்னா கூலிம்ல இருக்கற தொழிலாளர் இலாகாவுல எழுதிக் குடுங்க.

வாடகை கட்டுபடியாகலன்னா பிபிஆர் அரசாங்க வாடகை வீடு மாசம் 124 வெள்ளி. சொந்த வீடு இல்லாத, வருமானம் கம்மியான குடிமக்களுக்குத்தான், காத்திருக்கற பட்டியல் நீளம், ஆனா மனு போடாம கெடைக்காது.

டெபாசிட் திரும்ப வரலன்னா என்ன பண்றதுன்னுதான் எல்லாரும் கடைசியா கேப்பீங்க. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு போனா, நிலம் வீடு சம்பந்தப்பட்டத அங்க எடுத்துக்க மாட்டாங்க, வீடு வாங்குனவங்க தீர்ப்பாயம் டெவலப்பர் மேல போடற வழக்குக்கு. நமக்கு வழி மாஜிஸ்திரேட் கோர்ட்டுல சின்ன தொகை வழக்கு, 5,000 வெள்ளி வரைக்கும், வக்கீல் வைக்கவே கூடாது, நீங்களே பேசணும். ஃபாரம் 198 நிரப்பி கூலிம் கோர்ட்டுல குடுக்கணும், அது ஓனர் கைக்குப் போன 14 நாளுக்குள்ள அவர் ஃபாரம் 199-ல பதில் சொல்லணும். ரெண்டு மாச டெபாசிட் பெரும்பாலும் 5,000-க்கு உள்ளதான் வரும். போறதுக்கு முன்னாடி ஓனருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, எவ்ளோ தொகை, எந்தத் தேதிக்குள்ள வேணும்னு, ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பி சிலிப்ப வச்சுக்குங்க. சில பேரு அந்த லெட்டருக்கே காசு குடுத்துடுவாங்க. குடுக்கலன்னா முத்திரை போட்ட அக்ரிமெண்ட், பேங்க் ஸ்லிப், உள்ள போனப்ப எடுத்த போட்டோ, வெளிய வந்தப்ப எடுத்த போட்டோ, அந்த லெட்டர் காப்பி, எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு எடுத்துட்டு போங்க, ஃபாரம் புரியலன்னா கோர்ட்டு கவுண்டர்லயே கேளுங்க.